‘அனுமதி’ என்று தட்டும்போது எதைக் கொடுக்கிறோம்? செயலிகளின் பின்தொடர்தலும் விளம்பரங்களும்

செருப்பு வாங்க வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம், அரை மணி நேரத்தில் கைபேசியில் செருப்பு விளம்பரம் வந்து நிற்கிறது என்று வியக்காதவர்கள் குறைவு. வியப்பு அடங்கியதும் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வருகிறார்கள். ‘போன் நம் பேச்சை ஒட்டுக்கேட்கிறது’ என்பது ஒன்று. ‘அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, இனி எதை மறைத்து என்ன பயன்’ என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆதாரம் மிகக் குறைவு. இரண்டாவதுதான் உண்மையில் கெடுதல் செய்கிறது. அப்படி நம்பிவிட்டவர், திரையில் எது கேட்டாலும் படிக்காமல் ‘அனுமதி’யைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

நடப்பது என்னவென்று தெரிந்துகொண்டால் இந்தச் சலிப்பு கொஞ்சம் விலகும். விளம்பர உலகம் நம்மைப் பின்தொடரும் முறை, மைக்கில் ஒட்டுக்கேட்பதைவிட எளிமையானது, செலவும் குறைந்தது. அதன் சில முக்கியமான கண்ணிகளை நம் கையாலேயே அறுக்கவும் முடியும். எந்தக் கண்ணி எதைச் செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்கப்படும் கேள்விகள் இரண்டு வகை

புதிதாக ஒரு செயலியைத் திறந்ததும் அடுத்தடுத்துக் கேள்விகள் வருகின்றன. கேமராவைப் பயன்படுத்தலாமா, இருப்பிடத்தைப் பார்க்கலாமா, தொடர்புகளைப் படிக்கலாமா, பின்தொடரலாமா. எல்லாம் ஒரே மாதிரிப் பெட்டியில் வருவதால் எல்லாம் ஒரே வகை என்று தோன்றுகிறது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

கேமரா, மைக், இருப்பிடம், புகைப்படங்கள், தொடர்புகள் ஆகியவை முதல் வகை. இவை கைபேசிக்குள் இருக்கும் பொருள்கள். இவற்றுக்கான வாசலை இயங்குதளம் காக்கிறது. இயங்குதளம் என்பது கைபேசியின் அடிப்படை மென்பொருள். ஐபோனில் ஐஓஎஸ், மற்ற பெரும்பாலான கைபேசிகளில் ஆண்ட்ராய்டு. நீங்கள் மறுத்தால் அந்தச் செயலியால் கேமராவைத் தொடவே முடியாது. ஆண்ட்ராய்டில் 2015-ல் வந்த 6.0 பதிப்புக்கு முன்பு இந்த வசதி இல்லை. செயலியை நிறுவும்போதே ஒரு நீண்ட பட்டியலைக் காட்டும். முழுவதற்கும் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் செயலியே வேண்டாம் என்று விட்டுவிட வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மறுக்கும் உரிமை அதற்குப் பிறகுதான் கிடைத்தது.

இரண்டாவது வகையில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. ஐபோனில் 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 பதிப்பிலிருந்து அது கேட்கப்படுகிறது: மற்ற நிறுவனங்களின் செயலிகளிலும் இணையதளங்களிலும் நீங்கள் செய்வதை இந்தச் செயலி பின்தொடரலாமா? இது எந்தக் கருவியையும் திறப்பதில்லை. ஓரிடத்தில் உங்களைப் பற்றிக் கிடைத்த தகவலை வேறிடத்தில் கிடைத்ததோடு ஒட்டலாமா என்பதே இதன் பொருள். ஆண்ட்ராய்டில் செயலிக்குச் செயலி இந்தக் கேள்வி வருவதில்லை. முழுக் கைபேசிக்கும் சேர்த்து ஓர் அமைப்பு இருக்கிறது, நாமே தேடிப் போய்த்தான் அதை மாற்ற வேண்டும்.

முதல் வகைக் கேள்வி தகவல் பிறக்கும் இடத்தைப் பற்றியது, இரண்டாவது வகைக் கேள்வி பிறந்த தகவல்கள் ஒன்றுசேர்வதைப் பற்றியது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே யோசனையில் பதில் சொல்வது சரிவராது.

முதுகில் ஒட்டிய எண்

ஒரு பெரிய கட்டடத்துக்குள் போகிறீர்கள். நூற்றுக்கணக்கான அறைகள், ஒவ்வொன்றும் வேறொருவருக்குச் சொந்தம். நுழையும்போது உங்கள் முதுகில் ஓர் எண்ணை ஒட்டிவிடுகிறார்கள்; உங்களுக்கு அது தெரியாது. ஒவ்வோர் அறையின் வாசலிலும் ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் பெயரை அவர் கேட்பதே இல்லை. ‘இந்த எண்காரர் காலை 10 மணிக்கு வந்தார், முழங்கால் வலி பற்றிய பக்கத்தைப் படித்தார், 4 நிமிடம் இருந்தார்’ என்று எழுதிக்கொள்கிறார். அடுத்த அறையில் உள்ளவர், அதே எண்காரர் ரயில் நேரம் பார்த்ததை எழுதுகிறார். இன்னோர் அறையில் வீட்டுக் கடன் கணக்கிட்டது பதிவாகிறது.

ஒவ்வொரு நோட்டையும் தனியாகப் புரட்டினால் சுவையற்ற குறிப்புகள்தான். மாலையில் ஒருவர் எல்லா நோட்டுகளையும் விலைக்கு வாங்கி, ஒரே எண்ணுக்குரிய வரிகளை அடுத்தடுத்து அடுக்குகிறார் என்றால் கதை மாறிவிடுகிறது. முழங்கால் வலி உள்ள ஒருவர், இந்த மாதம் பயணம் போகிறார், வீடு வாங்க நினைக்கிறார். எந்த அறைக்காரருக்கும் முழுதாகத் தெரியாத ஒரு மனிதர், எந்த அறையிலும் நுழையாத ஒருவருடைய மேசையில் உருவாகிவிட்டார். எண் மட்டும் இல்லாதிருந்தால் அந்த வரிகளை ஒட்டியிருக்க முடியாது.

கைபேசியில் அந்த எண் எது?

அறைகள் செயலிகள். முதுகில் ஒட்டிய எண்ணுக்கு விளம்பர அடையாள எண் என்று பெயர். சுருக்கமாக விளம்பர எண் என்போம். ஒவ்வொரு கைபேசிக்கும் ஒன்று, அதிலுள்ள செயலிகளுக்கெல்லாம் பொது. 32 குறிகள் கொண்டது, நான்கு இடைக்கோடுகளால் ஐந்து துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பார்த்தால் பொருளற்ற எழுத்தும் எண்ணும் கலந்த குவியல்தான்.

தொடக்கத்தில் நிலைமை இதைவிட மோசம். ஐபோனில் கருவிக்கே நிரந்தரமாகப் பொறிக்கப்பட்ட ஓர் அடையாளத்தைச் செயலிகள் எடுத்துக்கொண்டிருந்தன. பயனரால் அதை மாற்றவே முடியாது. அதற்குப் பதிலாகத்தான் 2012-ல் ஐஓஎஸ் 6 பதிப்போடு, மாற்றிக்கொள்ளக்கூடிய விளம்பர எண்ணை ஆப்பிள் கொண்டுவந்தது. கூகுளும் பின்னர் ஆண்ட்ராய்டில் இதேபோல ஒன்றை ஏற்படுத்தியது. நோக்கத்தில் இது ஒரு முன்னேற்றம். ஆனால் எண்ணை மாற்றும் வசதி அமைப்புகளின் அடியில் எங்கோ கிடந்தது. அப்படியொன்று இருப்பதே தெரியாத கோடிக்கணக்கானவர்களின் கைபேசிகளில் எண் ஆண்டுக்கணக்கில் மாறாமல் நீடித்தது. தெரியாத உரிமையை எப்படிப் பயன்படுத்துவது?

‘வெறும் எண்தானே, என் பெயர் அதில் இல்லையே’ என்பது அடுத்து வரும் ஆறுதல். நிறுவனங்களும் இதையே சொல்கின்றன. இந்த ஆறுதல் நிற்காது. 2013-ல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 15 லட்சம் பேரின் கைபேசி இருப்பிடப் பதிவுகளைப் பெயர் நீக்கி எடுத்துக்கொண்டு, ஒருவரைத் தனித்து அடையாளம் காண எத்தனை புள்ளிகள் தேவை என்று பார்த்தார்கள். இன்ன நேரத்தில் இன்ன இடத்தருகே இருந்தார் என்ற நான்கு புள்ளிகள் போதும், 95 சதவீதம் பேரின் தடம் வேறு யாருடையதோடும் கலக்காமல் தனித்து நின்றது. யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. இரவெல்லாம் ஒரு கைபேசி எந்த வீட்டில் இருக்கிறது, பகலெல்லாம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்தால், அந்த இரண்டு இடங்களுக்கும் பொதுவானவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? பெயரை எழுதாமல் விட்டதனால் ஆள் மறைந்துவிடுவதில்லை.

செயலிக்குள் வேறு நிறுவனங்களின் நிரல்

ஒரு சாதாரண அலாரம் செயலிக்கு விளம்பர நிறுவனத்தோடு என்ன தொடர்பு? இதற்குப் பதில் செயலிகள் தயாராகும் முறையில் இருக்கிறது. செயலி எழுதுகிறவர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. வரைபடம் காட்ட, கோளாறு பதிவு செய்ய, விளம்பரம் வாங்கிக் காட்ட என்று மற்ற நிறுவனங்கள் ஆயத்தமாகத் தரும் நிரல் தொகுப்புகளை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார். இவற்றை எஸ்டிகே என்பார்கள். செயலியின் பெயர் ஒன்றுதான். உள்ளே ஐந்தாறு நிறுவனங்களின் நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கலாம். செயலிக்கு நீங்கள் கொடுத்த அனுமதி, உள்ளே இருக்கும் அந்த நிரல்களுக்கும் சேர்ந்தே கிடைக்கிறது. இந்த ஒரு விவரம் பரவலாகத் தெரிந்திருந்தால் பலர் இருப்பிட அனுமதியை இவ்வளவு தாராளமாகக் கொடுக்கமாட்டார்கள்.

இந்த நிரல்கள் என்ன அனுப்புகின்றன என்பதற்கு ஒரு வழக்கு கண்முன் சாட்சி. ஃப்ளோ என்பது மாதவிடாய், கர்ப்பக் காலம் ஆகியவற்றைக் குறித்துவைக்கும் செயலி. பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்கள் அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். உடல்நலத் தகவல் வெளியே போகாது என்று சொல்லிவிட்டு, ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்கு அதை அனுப்பியது என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் குற்றம்சாட்டியது. 2021 ஜனவரியில் சமரசம் அறிவிக்கப்பட்டது. அனுப்பிய விதம்தான் கவனிக்க வேண்டியது. யாரும் யாருடைய நாட்குறிப்பையும் பிரதி எடுக்கவில்லை. செயலியில் நீங்கள் ஒரு பொத்தானைத் தட்டினால், ‘இந்த நிகழ்வு நடந்தது’ என்று எஸ்டிகே ஒரு சிறு செய்தியை அனுப்பும். அது எல்லாச் செயலிகளிலும் நடக்கும் வழக்கமான வேலை. இங்கே நிகழ்வின் பெயரே ‘கர்ப்ப வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்ற பொருளில் இருந்தது. அந்தச் சிறு செய்தியோடு விளம்பர எண்ணும் போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

சுருக்கமாக: கைபேசிக்குப் பொதுவான ஓர் எண் இருக்கிறது. செயலிகளுக்குள் வேறு நிறுவனங்களின் நிரல்கள் இருக்கின்றன. ஒரே நிறுவனத்தின் எஸ்டிகே ஆயிரக்கணக்கான செயலிகளில் இருந்தால், எண்ணை வைத்து அத்தனை செயலிகளிலும் நீங்கள் செய்வதை அது கோத்துவிட முடியும்.

ஒரு விளம்பரம் திரைக்கு வருவது எப்படி?

ஒரு செய்திச் செயலியைத் திறக்கிறீர்கள். பக்கத்தின் நடுவில் விளம்பரத்துக்கென ஒரு வெற்றுக் கட்டம். எழுத்துகள் திரையில் வந்து சேர்வதற்குள் அந்தக் கட்டம் ஏலத்துக்குப் போய், விற்று, நிரம்பியும்விடுகிறது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குள் பெரும்பாலும் ஏலம் முடிந்துவிடும். இதற்கு நிகழ்நேர ஏலம் என்று பெயர்.

ஏலத்தில் பங்கெடுப்பவர்களுக்குப் பொருளைக் காட்ட வேண்டுமல்லவா? கட்டத்தின் அளவு, செயலியின் பெயர், கைபேசி மாடல், இயங்குதளப் பதிப்பு, மொழி, ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்புக்குத் தரப்படும் எண்), அதிலிருந்தோ ஜிபிஎஸ் வழியாகவோ கிடைத்த இருப்பிடம், கூடவே விளம்பர எண். இத்தனையும் அடங்கிய ஒரு குறிப்பு பல நிறுவனங்களுக்கு ஒரே நேரத்தில் போகிறது. ஒவ்வொன்றும் தன்னிடம் ஏற்கெனவே உள்ள கோப்பில் அந்த எண்ணைத் தேடுகிறது. ‘நேற்று நம் தளத்தில் செருப்பைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர் இவர்’ என்று தெரிந்தால் விலையைக் கூட்டிக் கேட்கிறது. அதிக விலை சொன்னவரின் விளம்பரம் கட்டத்தில் வருகிறது. இதுதான் குறிவைத்த விளம்பரம்.

பலருக்கும் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது, எனக்கு மிகவும் உறுத்துவதும் அதுதான். ஏலத்தில் தோற்றவர்களுக்கும் அந்தக் குறிப்பு கிடைத்துவிட்டது. ஒரு செருப்பு விளம்பரத்தைக் காட்டுவதற்காக, செருப்போடு தொடர்பே இல்லாத நிறுவனங்களிடமும் ‘இந்த எண்காரர் இப்போது இங்கே இருக்கிறார், இதைப் படிக்கிறார்’ என்ற தகவல் சென்று சேர்ந்துவிடுகிறது. பெற்றவர் அதைச் சேமித்துவைக்கக் கூடாது என்று விதிகள் இருக்கலாம். சேமிக்கிறாரா இல்லையா என்று யார் எட்டிப் பார்ப்பது?

இப்படிப் பல வழிகளில் தகவலைத் திரட்டி, கோத்து, விற்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குத் தரவுத் தரகர்கள் என்று பெயர். எக்ஸ்-மோட் என்ற பெயரில் இருந்து பின்னர் அவுட்லாஜிக் என்று மாறிய ஒரு நிறுவனம், செயலிகளில் சேர்க்கப்பட்ட தன் எஸ்டிகே வழியாகவும் மற்ற வழிகளிலும் இருப்பிடத் தரவைத் திரட்டி விற்றது. மருத்துவமனை, வழிபாட்டிடம், குடும்ப வன்முறையிலிருந்து தப்பியவர்கள் தங்கும் காப்பகம் போன்ற இடங்களோடு தொடர்புடைய தரவை அது விற்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் தடைவிதித்தது. காப்பகத்தில் ஒளிந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு இது விளம்பரச் சிக்கல் அன்று. ‘என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை’ என்று சொல்கிறவர்கள் அந்தப் பெண்ணை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் போன் ஒட்டுக்கேட்பதில்லையா?

அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,260 ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மறைவாக மைக்கைத் திறந்து ஒலியை அனுப்பிய செயலி எதுவும் அவர்களிடம் சிக்கவில்லை. ஆனால் சில செயலிகள், பயனர் திரையில் செய்வதைப் படமாகவோ வீடியோவாகவோ பிடித்து வேறு நிறுவனத்துக்கு அனுப்பியது தெரியவந்தது. எல்லோரும் பயந்தது நடக்கவில்லை. யாரும் யோசிக்காதது நடந்துகொண்டிருந்தது.

நாள் முழுக்க ஒலியைப் பதிவு செய்து அனுப்பினால் பேட்டரியும் டேட்டாவும் காட்டிக்கொடுத்துவிடும். மைக் இயங்கினால் ஐபோனில் 2020-லிருந்து ஆரஞ்சுப் புள்ளியும், ஆண்ட்ராய்டில் 12-ஆம் பதிப்பிலிருந்து பச்சைக் குறியும் திரையின் மேல்முனையில் தோன்றும். குரல் உதவியாளர்கள் தங்களைக் கூப்பிட்டதாகத் தவறாக நினைத்துச் சில நொடிகள் பதிவு செய்துவிடுவது உண்டு. அது தனியாகக் கவலைப்பட வேண்டிய விஷயம், செருப்பு விளம்பரத்துக்கு அது காரணமாக இருக்கத் தேவையில்லை.

பிறகு அந்த விளம்பரம் எப்படி வந்தது? செருப்பைப் பற்றிப் பேசிய இருவரில் ஒருவர் முந்தின நாள் இணையத்தில் தேடியிருப்பார். இருவரும் ஒரே வைஃபையில் இருப்பதால் ஒரே ஐபி முகவரி; ஒரே வீடு என்று விளம்பர நிறுவனம் ஊகித்துவிடும். அல்லது, நீங்கள் பழைய செருப்பைப் பற்றி ஒரு கட்டுரையில் சற்று நேரம் நின்றிருப்பீர்கள். பேசவேண்டும் என்று தோன்றியதற்கும் விளம்பரம் வந்ததற்கும் காரணம் அதே ஆர்வம்தான். பேசிய பிறகு வராத விளம்பரங்கள் ஆயிரம் இருக்கும், அவற்றை யாரும் எண்ணிவைப்பதில்லை. ஒட்டுக்கேட்காமலேயே இவ்வளவு துல்லியமாக ஊகிக்க முடிகிறது என்பதுதான் கவலைக்குரியது.

‘பின்தொடர வேண்டாம்’ என்றால் என்ன மாறுகிறது?

ஐபோனில் மறுத்ததும் அந்தச் செயலிக்குக் கிடைக்கும் விளம்பர எண் இப்படி ஆகிவிடும்: 00000000-0000-0000-0000-000000000000. அத்தனையும் பூஜ்யம். மறுத்தவர்கள் எல்லோருக்கும் இதே பூஜ்யங்கள்தான். கட்டடத்தில் பாதிப்பேர் முதுகில் ஒரே எண் இருந்தால் நோட்டுக்காரர் யாருடைய வரியை யாரோடு ஒட்டுவார்? ஆண்ட்ராய்டிலும் 12-ஆம் பதிப்பிலிருந்து விளம்பர எண்ணை நீக்கினால் செயலிகளுக்குப் பூஜ்யங்களே போகின்றன. 2022-ல் கூகுள் பிளே உள்ள மற்ற கைபேசிகளுக்கும் இது விரிவுபட்டது.

இதன் வலிமையை நிறுவனங்களின் கலக்கத்திலிருந்தே அளந்துவிடலாம். ஐபோனில் இந்தக் கேள்வி வரப்போகிறது என்றதும் 2020 டிசம்பரில் ஃபேஸ்புக் அமெரிக்க நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து எதிர்த்தது. ஐபோன் மாற்றங்களால் 2022-ல் சுமார் 1,000 கோடி டாலர் வருவாய் பாதிக்கப்படலாம் என்று அதன் தாய் நிறுவனமான மெட்டாவின் அப்போதைய நிதித் தலைவர் டேவிட் வேனர் முதலீட்டாளர்களிடம் சொன்னார். ஒரு பெட்டி, இரண்டு பொத்தான்கள். அதற்கு அவ்வளவு மதிப்பு.

ஃபேஸ்புக் அப்போது சிறு வணிகர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று வாதிட்டது. அதில் உண்மை ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். குறைந்த பணத்தில் தனக்குரிய வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்க இந்த முறை சிறு வணிகருக்கு உதவியது. பல இலவசச் செயலிகள் ஓடுவதும் இந்தப் பணத்தில்தான். ஆனால் சமையல் குறிப்புப் பக்கத்தில் பாத்திர விளம்பரம் போடுவதற்கு யாரையும் பின்தொடரத் தேவையில்லை. பக்கத்தின் பொருளைப் பார்த்து விளம்பரம் போடுவது பழைய, நாணயமான முறை. வணிகரின் தேவைக்காக ஒருவரின் கர்ப்பமும் மருத்துவமனைப் பயணமும் சந்தைக்கு வர வேண்டியதில்லை.

மாறாதவையும் இருக்கின்றன. விளம்பரங்களின் எண்ணிக்கை குறையாது. ஒரு செயலி தனக்குள்ளேயே நீங்கள் செய்வதைக் குறித்துக்கொள்வது, ஆப்பிளின் வரையறைப்படி பின்தொடர்தலில் சேராது. இதை முதல்தரப்புத் தரவு என்பார்கள். ஆகவே ஒரு பெரிய நிறுவனம் தன் சொந்தச் செயலியில் நீங்கள் பார்த்ததை வைத்தே விளம்பரம் காட்டிக்கொண்டிருக்கும். ஒரே மின்னஞ்சலையோ கைபேசி எண்ணையோ கொடுத்துப் பத்துச் செயலிகளில் பதிவு செய்தால், அதுவே விளம்பர எண்ணின் வேலையைச் செய்துவிடும். இப்படி ஒட்டுவதையும் ஆப்பிளின் விதி தடுக்கிறது. ஆனால் எண்ணைப் பூஜ்யமாக்குவது இயங்குதளம் தானே செய்யும் வேலை. மற்றது நிறுவனம் விதியை மதிப்பதைப் பொறுத்தது.

எண் கிடைக்காதபோது மாடல், திரை அளவு, மொழி, நேர மண்டலம், மென்பொருள் பதிப்பு, ஐபி முகவரி ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கைபேசியை ஊகித்துப் பிடிக்கும் முறையும் உண்டு. சாதனக் கைரேகை என்று இதைச் சொல்கிறார்கள். ஆப்பிள் இதையும் தடைசெய்திருக்கிறது, கண்டுபிடிப்பதுதான் கடினம்.

ஆப்பிள் இதையெல்லாம் தூய தொண்டாகச் செய்கிறது என்று நினைத்துவிடவும் வேண்டாம். அதற்கும் விளம்பர வருவாய் இருக்கிறது. இந்த முறையின் நோக்கத்தில் குறை காணாத பிரான்ஸ் போட்டி ஆணையம், செயல்படுத்திய விதம் தேவையானதும் அல்ல, அளவானதும் அல்ல என்று சொல்லி 2025 மார்ச்சில் 15 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆப்பிளின் நோக்கம் எதுவாக இருந்தாலும் பூஜ்யங்கள் நமக்குப் பயன்படுகின்றன.

இதுவரை: மறுத்தால் செயலிகளுக்கிடையே ஒட்டும் முக்கியமான சாவி போய்விடுகிறது. செயலிக்குள் நடக்கும் சேகரிப்பு நிற்பதில்லை. அதைக் குறைக்க முதல் வகை அனுமதிகளையும் கவனிக்க வேண்டும்.

எதை எங்கே மாற்றுவது?

ஐபோனில் அமைப்புகளுக்குள் தனியுரிமைப் பகுதிக்குப் போனால் டிராக்கிங் என்ற பிரிவு இருக்கும். செயலிகள் கேட்பதை அனுமதிக்கும் பொத்தானை அங்கே அணைத்துவிட்டால், இனி எந்தச் செயலியும் கேட்காது; எல்லாவற்றுக்கும் மறுப்புதான் பதில். சில செயலிகள் அந்தப் பெட்டிக்கு முன்பாகத் தங்கள் சொந்தத் திரையில் உருக்கமாகக் கெஞ்சும். மறுத்ததற்காகச் செயலியின் வசதிகளைப் பூட்டக் கூடாது என்பது ஆப் ஸ்டோர் விதி, தயங்காமல் மறுக்கலாம். அதே தனியுரிமைப் பகுதியின் அடியில் ஆப்பிளின் சொந்த விளம்பரங்களுக்கான பொத்தான் தனியாக இருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் அமைப்புகளில் கூகுள் அல்லது தனியுரிமைப் பகுதிக்குள் விளம்பரங்கள் என்பதைத் திறந்து, விளம்பர ஐடியை நீக்கிவிடலாம். கைபேசி நிறுவனத்தைப் பொறுத்து இடம் சற்று மாறும். அமைப்புகளின் தேடல் பெட்டியில் விளம்பரம் என்று தேடினால் கிடைத்துவிடும்.

இருப்பிடத்துக்குத்தான் அதிகக் கவனம் கொடுக்கச் சொல்வேன். வழிகாட்டும் செயலிக்குத் துல்லியமான இருப்பிடம் வேண்டும், அதுவும் பயன்படுத்தும் நேரத்தில் மட்டும். வானிலைச் செயலிக்கு நீங்கள் எந்தத் தெருவில் நிற்கிறீர்கள் என்று தெரிய வேண்டியதில்லை. தோராயமான இருப்பிடம் போதும். ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 12 பதிப்புகளிலிருந்து இதைத் தேர்ந்தெடுக்கலாம். டார்ச் விளக்குச் செயலி இருப்பிடம் கேட்டால் அதை நீக்கிவிட்டுக் கைபேசியில் ஏற்கெனவே உள்ள டார்ச்சைப் பயன்படுத்துங்கள். ‘எப்போதும்’ என்ற அனுமதி எந்தெந்தச் செயலிகளிடம் இருக்கிறது என்று ஒருமுறை பட்டியலைத் திறந்து பார்த்தால், ஏன் கொடுத்தோம் என்றே நினைவில்லாத இரண்டு மூன்று நிச்சயம் இருக்கும்.

எந்தச் செயலி எப்போது எதைத் தொட்டது என்று காட்டும் பதிவேடும் கைபேசியிலேயே இருக்கிறது. ஐபோனில் ஐஓஎஸ் 15.2 பதிப்பிலிருந்து செயலித் தனியுரிமை அறிக்கையை இயக்கிவைக்கலாம். செயலி எந்தெந்த இணைய முகவரிகளைத் தொடர்பு கொண்டது என்பதையும் அது காட்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் தனியுரிமை டாஷ்போர்டு உண்டு. நிறுவும் முன் ஆப் ஸ்டோரிலும் கூகுள் பிளேயிலும் தெரியும் தரவுக் குறிப்புகளையும் படிக்கலாம், ஆனால் அவை செயலி தயாரித்தவர்களே எழுதிக்கொடுத்தவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

புகைப்படம் கேட்டால் முழுத் தொகுப்பையும் திறக்கத் தேவையில்லை. இரண்டு இயங்குதளங்களிலும் குறிப்பிட்ட படங்களை மட்டும் தேர்ந்து கொடுக்கலாம்.

தொடர்புகள் மட்டும் வேறு மாதிரி. மற்ற எல்லாவற்றிலும் நம்முடையதை நாம் கொடுக்கிறோம். இங்கே அடுத்தவருடையதைக் கொடுக்கிறோம். உங்கள் கைபேசியில் உள்ள முந்நூறு பேரின் பெயரும் எண்ணும், அவர்கள் யாரும் கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனத்துக்கு நீங்கள் தட்டிய ஒரு தட்டில் போய்விடும். ‘மகப்பேறு மருத்துவர்’, ‘கடன்காரர்’ என்று நீங்கள் போட்டுவைத்த அடைமொழிகளும் கூடப் போகலாம். அந்தச் செயலியில் ஒருநாளும் பதிவு செய்யாத ஒருவரைப் பற்றியும் அங்கே ஒரு கோப்பு உருவாகிவிடுகிறது, அவரால் அதற்கு மறுப்புச் சொல்லவும் வழியில்லை. ஐஓஎஸ் 18 பதிப்பிலிருந்து முழுப் பட்டியலுக்குப் பதிலாகச் சிலரை மட்டும் தேர்ந்து கொடுக்கலாம். அந்த வசதி இல்லாத கைபேசியில் தொடர்பு அனுமதியை மறுத்துவிட்டு, தேவைப்பட்டவரின் எண்ணை மட்டும் கையால் தட்டச்சு செய்யுங்கள். பெரும்பாலான செயலிகள் அப்போதும் ஒழுங்காகவே வேலை செய்யும்.